கிராண்ட் ஓல் ஆப்ரி: நூறாண்டு கடந்த ஒரு சனிக்கிழமை இரவு வானொலி நிகழ்ச்சி

அமெரிக்காவின் டென்னசி மாநிலத் தலைநகரான நாஷ்வில் நகரில், 1925ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் சனிக்கிழமை இரவு ஒரு முதியவர் வானொலி ஒலிவாங்கியின் முன் அமர்ந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடில் வாசித்தார். அன்று தொடங்கிய நிகழ்ச்சி இன்றும் அதே வானொலி நிலையத்திலிருந்து சனிக்கிழமை இரவுகளில் நேரலையாக ஒலிபரப்பாகி வருகிறது. 2021 அக்டோபர் 30ஆம் நாள் அது தன் 5,000ஆவது சனிக்கிழமை ஒலிபரப்பை நிறைவு செய்தது. 2025 நவம்பரில் நூறு ஆண்டுகளைக் கடந்தது. 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்று பெயர் பெற்ற இந்த நிகழ்ச்சியின் வரலாற்றை அறிந்துகொண்டால், 'கன்ட்ரி' இசை என்ற வகை எப்படி உருவானது, ஒரு வானொலி நிலையம் எப்படி ஒரு நகரத்தையே இசைத் தொழிலின் தலைநகராக மாற்றியது, நேரடி ஒலிபரப்பு என்பதற்குத் தனியாக என்ன வலிமை உண்டு என்ற மூன்றுமே விளங்கிவிடும். இந்த இசையை முன்பு கேட்டிராதவர்களையும் மனத்தில் வைத்தே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

முதலில் இசையைப் பற்றிச் சிறிது. கன்ட்ரி இசை என்பது அமெரிக்காவின் தென்பகுதிக் கிராமங்களிலும் அப்பலாச்சிய மலைப்பகுதிகளிலும் வாழ்ந்த உழைக்கும் மக்களிடையே வளர்ந்த பாட்டு மரபு. பிரிட்டன், அயர்லாந்து நாடுகளிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த கதைப்பாடல்களும் பிடில் மெட்டுகளும் அதன் ஒரு வேர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் நினைவிலிருந்து பிறந்த பான்ஜோ என்ற நரம்புக் கருவியும், அவர்களுடைய வழித்தோன்றல்கள் உருவாக்கிய புளூஸ் இசையும் மற்றொரு வேர். தேவாலயப் பாடல்களையும் இவற்றோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். இது வெள்ளையர்களின் இசை மட்டுமே என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது தவறு என்பதை இந்த நிகழ்ச்சியின் தொடக்க ஆண்டுகளே காட்டுகின்றன.

1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வானொலி நிலையங்கள் வேகமாகப் பெருகின. ஒலிப்பதிவுத் தட்டுகளின் தரம் அப்போது வானொலிக்குப் போதுமானதாக இல்லை. ஆகவே இசை வேண்டுமென்றால் இசைஞர்களையே நிலையத்துக்கு அழைத்து வாசிக்கச் செய்ய வேண்டியிருந்தது. நேரலை என்பது அன்று விரும்பித் தேர்ந்த கலை வடிவம் அன்று. வேறு வழியில்லாத ஏற்பாடு. கிராமத்து இசைக்கு வானொலியில் இடமுண்டு என்பதை டெக்சாசின் ஃபோர்ட் வொர்த் நகரிலிருந்த டபிள்யூ.பி.ஏ.பி. நிலையம் 1923இலேயே காட்டியது. சிகாகோவின் டபிள்யூ.எல்.எஸ். நிலையம் 1924 ஏப்ரலில் தொடங்கிய 'நேஷனல் பார்ன் டான்ஸ்' நிகழ்ச்சி அதைப் பெரும் வெற்றியாக்கியது. கிராமங்களில் தானியக் களஞ்சியத்தைக் காலிசெய்துவிட்டு அதில் ஊரார் கூடி ஆடிப்பாடும் வழக்கமே 'பார்ன் டான்ஸ்'. அதன் கலகலப்பை ஒலிபரப்புக் கூடத்தில் மீண்டும் உருவாக்குவதுதான் இத்தகைய நிகழ்ச்சிகளின் அடிப்படைக் கருத்து.

காப்பீட்டு நிறுவனத்தின் வானொலி

நாஷ்வில்லில் 1925 அக்டோபர் 5ஆம் நாள் டபிள்யூ.எஸ்.எம். என்ற நிலையம் தொடங்கப்பட்டது. அதை நிறுவியது நேஷனல் லைஃப் அண்ட் ஆக்சிடென்ட் என்ற காப்பீட்டு நிறுவனம். 'நாங்கள் கோடிக்கணக்கானோரைக் காக்கிறோம்' என்ற பொருளில் அமைந்த அந்நிறுவனத்தின் ஆங்கில முழக்கத்தின் முதலெழுத்துகளே நிலையத்தின் பெயராயின. நிறுவன உரிமையாளர் குடும்பத்தைச் சேர்ந்த எட்வின் கிரெய்க் என்ற இளைஞர் வானொலியில் கொண்டிருந்த தீராத ஆர்வமே இந்த முயற்சிக்குத் தூண்டுதல்.

ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு வானொலி எதற்கு என்ற கேள்வி எழலாம். அந்நிறுவனம் தொழிலாளர் குடும்பங்களுக்கும் சிறு விவசாயிகளுக்கும் மிகச் சிறிய தொகையிலான காப்பீடுகளை விற்றுவந்தது. அதன் முகவர்கள் வாரந்தோறும் வீடு வீடாகச் சென்று சில்லறைக் காசுகளாகத் தவணை வசூலித்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் கதவைத் தட்டும்போது, சனிக்கிழமை இரவு அந்த வீட்டார் விரும்பிக் கேட்ட நிகழ்ச்சியை நடத்தும் நிறுவனத்தின் ஆள் என்று தெரிந்தால் கதவு எளிதில் திறந்தது. பாட்டுக்கும் தவணைக்கும் இடையிலான இந்தத் தொடர்பைப் புரிந்துகொள்ளாமல் ஆப்ரியின் நீண்ட ஆயுளைப் புரிந்துகொள்ள முடியாது என்றே நான் கருதுகிறேன். நிகழ்ச்சி தானாகவே இலாபம் ஈட்டியாக வேண்டும் என்ற நெருக்கடி அதன் இளமைப் பருவத்தில் இருக்கவில்லை. மக்களின் நம்பிக்கையைப் பெறுவதே அதற்கிடப்பட்ட வேலையாக இருந்தது.

நிலையத்தை நடத்த அழைத்துவரப்பட்டவர் ஜார்ஜ் டி. ஹே. மெம்ஃபிஸ் நகரில் நாளிதழ் செய்தியாளராக இருந்து, பிறகு சிகாகோ பார்ன் டான்ஸ் நிகழ்ச்சியின் அறிவிப்பாளராகப் புகழ்பெற்றவர். நாஷ்வில் வந்தபோது அவருக்கு வயது முப்பதுதான் என்றாலும், 'கம்பீரமான முதிய நீதிபதி' என்ற பொருள்படும் பட்டப்பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டு, நீராவிப் படகுகளின் ஊதலைப் போன்ற மரக் குழல் ஒன்றை ஊதி நிகழ்ச்சியைத் தொடங்குவார். முதல் இரவில் அவர் அமர்த்திய பிடில் கலைஞர் அங்கிள் ஜிம்மி தாம்ப்சன், 77 வயதை எட்டியவர். அவருடைய உறவினரான ஈவா தாம்ப்சன் ஜோன்ஸ் பியானோவில் துணை வாசித்தார். கேட்டவர்களிடமிருந்து வந்த வரவேற்பு ஹே எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தது. சில வாரங்களிலேயே 'டபிள்யூ.எஸ்.எம். பார்ன் டான்ஸ்' என்ற பெயரில் அது நிலையான சனிக்கிழமை நிகழ்ச்சியாயிற்று.

இப்போதுள்ள பெயர் 1927 டிசம்பரில் வந்தது. நியூயார்க்கிலிருந்து என்.பி.சி. என்ற வானொலி வலையமைப்பு பல நிலையங்களுக்கு வழங்கிய, வால்டர் டாம்ராஷ் நடத்திய மேற்கத்தியச் செவ்வியல் இசை நிகழ்ச்சி முடிந்ததும் ஹேயின் நிகழ்ச்சி தொடங்கும். ஒரு சனிக்கிழமையன்று, இதுவரை 'கிராண்ட் ஆப்ரா' (மேற்கத்திய இசை நாடகம்) கேட்டீர்கள், இனி 'கிராண்ட் ஓல் ஆப்ரி' கேட்கப்போகிறீர்கள் என்று கிராமத்து உச்சரிப்பில் ஹே சொல்லிவைக்க, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அந்த அறிவிப்பை அடுத்து மேடைக்கு வந்து, ஓடும் ரயிலின் ஓசையை மவுத் ஆர்கனில் எழுப்பிக் காட்டியவர் டிஃபோர்ட் பெய்லி என்ற கறுப்பினக் கலைஞர்.

பெய்லியைப் பற்றி நின்று பேசாமல் கடந்து செல்வது நியாயமாகாது. 1899இல் டென்னசியில் பிறந்து, சிறு வயதில் போலியோவால் பாதிக்கப்பட்டு, படுக்கையில் கிடந்த காலத்தில் மவுத் ஆர்கனைத் தோழமையாக்கிக்கொண்டவர் அவர். ஆப்ரியின் முதல் நட்சத்திரங்களில் ஒருவர். தொடக்க ஆண்டுகளில் மற்ற எவரைக் காட்டிலும் மிகுதியாக மேடையேறியவர்களின் வரிசையில் இருந்தவர். 1928இல் நாஷ்வில்லில் நடந்த முதல் இசைத்தட்டுப் பதிவுகளில் அவருடைய வாசிப்பும் இடம்பெற்றது. வானொலியில் அவரைக் கேட்டவர்களில் பலருக்கு அவருடைய நிறம் தெரியாது. சுற்றுப்பயணங்களில் அவரைக் காணப் பெருங்கூட்டம் கூடியது. ஆனால் இனப் பிரிவினைச் சட்டங்கள் நடைமுறையில் இருந்த அந்நாளில், உடன் பயணம் செய்த வெள்ளை இசைஞர்கள் உண்ட உணவகங்களில் அவர் உண்ண முடியவில்லை, அவர்கள் தங்கிய விடுதிகளில் தங்க முடியவில்லை. 1941இல் அவர் நிகழ்ச்சியிலிருந்து நீக்கப்பட்டார். பாடல் உரிமைத் தொகை தொடர்பாக வானொலி நிலையங்களுக்கும் உரிமைதாரர் சங்கத்துக்கும் ஏற்பட்ட தகராற்றில், பெய்லியின் புகழ்பெற்ற மெட்டுகளை ஒலிபரப்ப முடியாமற்போனது அதன் பின்னணி. ஹே பின்னாளில் எழுதியபோது புதிய மெட்டுகளைக் கற்றுக்கொள்ளாத சோம்பலே காரணம் என்று பெய்லியின் மீது பழிசுமத்தினார். பெய்லி அதை ஒருபோதும் ஏற்கவில்லை. அதன்பின் அவர் நாஷ்வில்லில் காலணிகளுக்கு மெருகேற்றும் கடை நடத்தி வாழ்ந்து 1982இல் மறைந்தார். கன்ட்ரி இசையின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது 2005இல்தான். இந்த இசைக்குத் தொடக்கத்திலேயே தோள்கொடுத்த ஒருவருக்கு அந்த இசையின் உலகம் கடன்தீர்க்க எடுத்துக்கொண்ட காலம் வேதனைக்குரியது.

ஹே அமைத்த கிராமியத் தோற்றத்தைப் பற்றியும் தெளிவு வேண்டும். ஆப்ரியின் முதல் குழுக்களில் ஒன்றை நடத்திய ஹம்ஃப்ரி பேட், பட்டம் பெற்ற மருத்துவர். தொடக்கத்தில் கோட்டும் டையும் அணிந்து வந்த அக்குழுவினரை, விவசாயிகளின் உடையில் நிற்கவைத்துப் படமெடுக்கச் செய்து, குழுவுக்கும் வேட்டைக்காரர்களைக் குறிக்கும் நாட்டுப்புறப் பெயர் ஒன்றைச் சூட்டியவர் ஹே. நகரத்தில் வேலைசெய்து வார இறுதியில் வாசிக்க வந்தவர்கள் பலருக்கும் இப்படியே புதுப்பெயரும் புதுவேடமும் கிடைத்தன. இசை உண்மையானது, அதைச் சுற்றி இட்ட சட்டகம் வானொலிக்காகச் செய்யப்பட்டது. இரண்டும் கலந்தே இருந்தன என்பதை ஏற்றுக்கொண்டால் அந்த இசையின் மதிப்பு குறைந்துவிடாது. மண்ணை விட்டு மேலே போய்விடாதீர்கள் என்று இசைஞர்களிடம் ஹே ஓயாமல் சொல்லிவந்தது, அவருக்கே அந்த இசையின் மீதிருந்த மெய்யான பற்றைக் காட்டுகிறது.

இரவில் தொலைவு செல்லும் அலை

ஆப்ரி ஒரு மாநில நிகழ்ச்சியாக நின்றுவிடாமல் நாட்டின் பெரும்பகுதியை எட்டியதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்று உண்டு. டபிள்யூ.எஸ்.எம். ஒலிபரப்பாவது மத்திய அலையில், 650 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில். பகற்பொழுதில் சூரிய ஒளியால் மின்னூட்டம் பெறும் வளிமண்டலத்தின் கீழடுக்கு ஒன்று இந்த அலைகளை உறிஞ்சிவிடுவதால் நிலத்தை ஒட்டிச் செல்லும் அலை மட்டுமே மக்களை அடைகிறது. அதன் எல்லை சிறியது. இரவில் அந்த அடுக்கு மறைந்துபோவதால், மேல்நோக்கிச் செல்லும் அலைகள் அயனி மண்டலத்தின் உயரமான அடுக்கில் பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் தரையிறங்குகின்றன. ஆனால் அதே அதிர்வெண்ணில் வேறொரு நிலையமும் இயங்கினால் இரண்டும் கலந்து எதுவும் புரியாமற்போகும். அதனால் அமெரிக்க அரசு சில நிலையங்களுக்கு மட்டும், இரவில் வேறு எந்த நிலையமும் குறுக்கிடாத தனி அலைவரிசையை ஒதுக்கியது. டபிள்யூ.எஸ்.எம். அத்தகைய நிலையங்களில் ஒன்றானது; 1932இல் அதன் ஒலிபரப்புத் திறன் 50,000 வாட் ஆயிற்று. அதற்காக நாஷ்வில்லுக்குத் தெற்கே பிரென்ட்வுட்டில் 878 அடி உயரத்தில், இரு முனைகளும் குறுகி நடுவில் அகன்ற வைர வடிவக் கோபுரம் எழுப்பப்பட்டது. அந்நாளில் வட அமெரிக்காவின் மிக உயர்ந்த வானொலிக் கோபுரம் அதுவே. பின்னர் சற்றுக் குறைக்கப்பட்ட அந்தக் கோபுரம் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.

சனிக்கிழமை இரவு என்பது வாரச் சம்பளம் பெற்றவர்களும் வயல் வேலை முடித்தவர்களும் ஓய்ந்து அமரும் நேரம். மத்திய அலை மிகத் தொலைவு செல்லும் நேரமும் இரவுதான். மின்சாரம் எட்டாத பண்ணை வீடுகளில், வாரம் முழுவதும் சிக்கனமாகப் பயன்படுத்திய மின்கலத்தை இந்த நிகழ்ச்சிக்காகச் சேமித்துவைத்த குடும்பங்கள் இருந்தன. வானொலிப் பெட்டி இல்லாதவர்கள் அது இருக்கும் வீட்டுக்கு வந்து கூடினார்கள். இப்படி அலபாமாவின் பருத்தி வயல்களிலும் கென்டக்கியின் சுரங்க ஊர்களிலும் அந்நிகழ்ச்சியைக் கேட்டு வளர்ந்த சிறுவர்களே அடுத்த தலைமுறையின் பாடகர்களாக அந்த மேடைக்கு வந்து சேர்ந்தார்கள்.

கேட்டவர்கள் நேரில் பார்க்கவும் விரும்பினார்கள். காப்பீட்டு நிறுவனக் கட்டடத்தில் இருந்த ஒலிபரப்புக் கூடத்தில் இடம் போதாமல், 1934 முதல் நிகழ்ச்சி ஒரு திரையரங்கம், நதிக்கு அப்பாலிருந்த மரத்தூள் பரப்பிய தரை கொண்ட கூடாரம் போன்ற மண்டபம் என்று இடம் மாறிக்கொண்டே சென்றது. 1939இல் போர் நினைவு அரங்கத்துக்கு மாறியபோது, கூட்டத்தைக் குறைப்பதற்காக 25 சென்ட் நுழைவுக் கட்டணம் விதித்தார்கள்; கூட்டம் குறையவில்லை. 1943 ஜூனில் ஆப்ரி ரைமன் அரங்கத்தில் குடியேறியது.

ரைமன் அரங்கம் தேவாலயமாகக் கட்டப்பட்டது. தாமஸ் ரைமன் என்ற நீராவிப் படகு உரிமையாளர், சாம் ஜோன்ஸ் என்ற மதப் போதகரின் சொற்பொழிவால் மனம் மாறி, எல்லாப் பிரிவினரும் கூடுவதற்கென்று எழுப்பிய அந்தச் செங்கற்கட்டடம் 1892இல் நிறைவடைந்தது. வளைந்த மரப் பலகை இருக்கைகளும் உயர்ந்த மாடமும் குரலைத் தூக்கிக் கொடுக்கும் அமைப்பாக இருந்தன. குளிரூட்டும் வசதி கிடையாது. கோடையில் மக்கள் கைவிசிறிகளோடு அமர்ந்திருந்தார்கள். கலைஞர்கள் காத்திருக்கப் போதிய அறைகளும் இல்லை. ஆனாலும் 31 ஆண்டுகள் ஆப்ரி அங்கேதான் நடந்தது, அதன் பொற்காலமும் அதுதான்.

நட்சத்திரங்களும் வலையமைப்பும்

முதல் பத்தாண்டுகளில் ஆப்ரி பெரும்பாலும் பிடில், பான்ஜோ குழுக்களின் நிகழ்ச்சியாகவே இருந்தது. நகைச்சுவையும் பான்ஜோவும் கலந்து அரங்கைக் குலுக்கிய அங்கிள் டேவ் மேக்கன் அதன் விதிவிலக்கான தனி நட்சத்திரம். 1938இல் ராய் ஏகஃப் வந்த பிறகு, பாடகர் நடுவில் நிற்கும் நிகழ்ச்சியாக அது மாறியது. மலைநாட்டுத் தேவாலயங்களின் பாடல் முறையில் ஊறிய அவருடைய உருக்கமான குரல் அரங்கை நிறைத்தது. 1939 அக்டோபரிலிருந்து ஒரு புகையிலை நிறுவனத்தின் விளம்பர ஆதரவில், நிகழ்ச்சியின் அரை மணி நேரப் பகுதியை என்.பி.சி. வலையமைப்பு மற்ற நிலையங்களுக்கும் வழங்கத் தொடங்கியது. அதே ஆண்டில் கென்டக்கியைச் சேர்ந்த பில் மன்றோ தம் மாண்டலினோடு வந்து சேர்ந்தார். 1945 டிசம்பரில் அவருடைய குழுவில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற இளைஞர் மூன்று விரல்களால் பான்ஜோவை அதிவேகமாக மீட்டியபோது, 'புளூகிராஸ்' என்று பின்னாளில் பெயர்பெற்ற புதிய இசைவகை உருப்பெற்றது. ஓர் இசைவகை பிறந்த மேடை இது என்று அவ்வளவு உறுதியாகச் சுட்டிக்காட்டக்கூடிய இடங்கள் உலகில் அதிகமில்லை.

1940இல் வந்த மின்னி பேர்ல், விலைச்சீட்டு தொங்கும் வைக்கோல் தொப்பியோடு ஊர்க்கதை பேசிச் சிரிக்கவைத்த கிராமத்துப் பெண். அந்தப் பாத்திரத்தை ஏற்றவர் சாரா கேனன் என்ற, நாஷ்வில்லின் உயர்தரப் பெண்கள் கல்லூரியில் நாடகம் பயின்றவர். ஐம்பது ஆண்டுகள் அந்த மேடையில் நின்றும் எவரையும் இழிவுபடுத்தாமல் அவர் சிரிக்கவைத்தார்.

இத்தனைக்கும் நாஷ்வில்லின் மேட்டுக்குடியினர் இந்நிகழ்ச்சியை விரும்பவில்லை. பல்கலைக்கழகங்கள் நிறைந்த தங்கள் நகரத்தை 'தெற்கின் ஏதென்ஸ்' என்று பெருமையாக அழைத்துக்கொண்டவர்களுக்கு, அது பட்டிக்காட்டு இசையின் ஊராக அறியப்படுவது வெட்கமாக இருந்தது. 1943இல் நிகழ்ச்சியின் வலையமைப்பு விரிவாக்கத்தைக் கொண்டாட அழைக்கப்பட்ட மாநில ஆளுநர் பிரென்டிஸ் கூப்பர், ஏகஃப் தம் மாநிலத்துக்கு இழுக்குத் தேடித்தருகிறார் என்ற கருத்தில் வர மறுத்தார். 1948இல் ஏகஃப் அதே ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். ஆனால் அந்த நகரம் எதனால் அறியப்படும் என்ற கேள்வியில் வென்றது அவருடைய தரப்பே.

எப்படி வென்றது என்பதற்கு ஆப்ரியின் பொருளாதாரத்தைப் பார்க்க வேண்டும். சனிக்கிழமை இரவு மேடையேறுவதற்குக் கிடைத்த ஊதியம் சொற்பம். ஆனால் 'ஆப்ரி நட்சத்திரம்' என்ற அடைமொழியோடு வாரநாட்களில் ஊர் ஊராகச் சென்று பாடினால் கூட்டம் திரண்டது. வானொலி நிலையமே கலைஞர்களுக்கு நிகழ்ச்சிகள் ஏற்பாடு செய்யும் பிரிவு ஒன்றையும் நடத்தியது. எவ்வளவு தூரம் சென்றாலும் சனிக்கிழமை நாஷ்வில்லுக்குத் திரும்பியாக வேண்டும் என்பதால் கலைஞர்கள் அங்கேயே குடியேறினார்கள். கலைஞர்கள் குடியேறிய இடத்துக்குப் பாடலாசிரியர்களும் வாத்தியக்காரர்களும் வந்தார்கள். 1942இல் ஏகஃபும் பாடலாசிரியர் ஃப்ரெட் ரோஸும் பாடல் பதிப்பு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்கள். 1940களின் நடுப்பகுதியில் டபிள்யூ.எஸ்.எம். பொறியாளர்கள் மூவர் சேர்ந்து, ஒரு விடுதியில் ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார்கள். இசைத்தட்டு நிறுவனங்கள் பின்னாலேயே வந்தன. நியூயார்க்கையும் லாஸ் ஏஞ்சலஸையும் விட்டுவிட்டு இந்தச் சிறு நகரம் இசைத் தொழிலின் மையமானதற்கு, சனிக்கிழமைதோறும் திரும்பிவர வேண்டிய அந்தக் கட்டாயமே முதற்காரணம்.

1949 ஜூன் 11ஆம் நாள் 25 வயதான ஹேங்க் வில்லியம்ஸ் முதன்முறையாக ரைமன் மேடையில் பாடினார். கூட்டம் அவரை விடாமல் திரும்பத் திரும்பப் பாடச்செய்தது. எளிய சொற்களில் ஆழ்ந்த துயரத்தைப் பாடும் கலையில் அவருக்கு இணையாக அந்த மரபில் எவரும் தோன்றவில்லை என்பது பலரின் முடிவு, என்னுடையதும் அதுவே. குடிப்பழக்கத்தால் நிகழ்ச்சிகளுக்கு வராமல்போனதற்காக 1952 ஆகஸ்டில் ஆப்ரி அவரை நீக்கியது. 1953ஆம் ஆண்டின் முதல் நாளில், பயணத்தின் இடையே காரிலேயே, 29 வயதில் அவர் இறந்தார்.

1954 அக்டோபர் 2ஆம் நாள், பின்னாளில் ராக் அண்ட் ரோல் இசையின் பெரும் நட்சத்திரமான எல்விஸ் பிரெஸ்லி என்ற 19 வயது இளைஞர் ஆப்ரியில் பாடினார். அரங்கம் மரியாதையோடு கைதட்டியது, அவ்வளவுதான். இரண்டு வாரங்களில் அவர் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட் நகரிலிருந்து ஒலிபரப்பான போட்டி நிகழ்ச்சியான 'லூசியானா ஹேரைட்' மேடைக்குச் சென்று, அங்கு நிலையான இடம் பெற்றார். ஆப்ரி மாற்றங்களை மிக மெதுவாகவே ஏற்றது என்பதற்கு இது ஒரு சான்று. மேடையில் டிரம்ஸ் வைப்பதைக்கூட அது நெடுங்காலம் விரும்பவில்லை. அந்தப் பிடிவாதம் சில கலைஞர்களை இழக்கச்செய்தது. ஆனால் ராக் அண்ட் ரோல் அலையில் சிகாகோவின் பார்ன் டான்ஸ் 1960இல் டபிள்யூ.எல்.எஸ். நிலையத்தைவிட்டு நீங்கி, ஹேரைட்டும் வாராந்திர நிகழ்ச்சியாக நின்றுபோன வேளையில், ஆப்ரி தொடர்ந்து நின்றதற்கும் அதே பிடிவாதம் ஒரு காரணம்.

நிகழ்ச்சி எப்படி நடக்கிறது

இது ஒரே பாடகரின் கச்சேரி அன்று. மாலைப்பொழுது பல பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தொகுப்பாளரும் ஒரு விளம்பரதாரரும் உண்டு. ஒரு கலைஞர் இரண்டு அல்லது மூன்று பாடல்கள் பாடிவிட்டு அடுத்தவருக்கு இடம் விடுகிறார். எண்பதைத் தொட்ட மூத்த கலைஞரும், அந்த மாதம்தான் முதல் பாடல் வெளியான இளைஞரும், புளூகிராஸ் குழுவும், நகைச்சுவைக் கலைஞரும் ஒரே மாலையில் வந்துபோவார்கள். மேடையோரத்தில் நிற்கும் அறிவிப்பாளர் விளம்பரங்களை அப்போதே வாசிக்கிறார். 1944 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்தப் பணியைச் செய்த கிராண்ட் டர்னரின் குரல் பல தலைமுறைகளுக்குப் பழக்கமானது. அடுத்த குழு கருவிகளைச் சரிசெய்வதும், பின்னணியில் நண்பர்கள் நின்று பேசுவதும் அரங்கில் இருப்பவர்களுக்குத் தெரியும். வெட்டி ஒட்டித் திருத்த வழியில்லை. தவறிய சுரம் தவறியதாகவே ஊரெல்லாம் கேட்கும். இந்தக் கட்டற்ற ஒழுங்குதான் ஆப்ரியின் தனித்தன்மை என்பேன்.

ஆப்ரியில் ஒருமுறை பாடுவது வேறு, அதன் உறுப்பினராவது வேறு. உறுப்பினராவதற்கு விண்ணப்பிக்க முடியாது. நிர்வாகம் அழைக்க வேண்டும். அழைக்கப்பட்டவர் அடிக்கடி வந்து பாடக் கடமைப்பட்டவராகிறார். 1960களில் ஆண்டுக்கு 26 முறை வர வேண்டும் என்று கடுமையான விதியே இருந்தது. பிற்காலத்தில் அது வெகுவாகத் தளர்த்தப்பட்டது. பாட்ஸி க்ளைன், லோரெட்டா லின், டாலி பார்ட்டன் ஆகியோர் 1960களில் உறுப்பினரானவர்கள். 1967இல் உறுப்பினரான ஜீனி சீலி, பெண்கள் ஒரு பகுதியைத் தொகுத்து வழங்குவது வழக்கமில்லாத நாளில் அந்த உரிமையைக் கேட்டுப் பெற்று, 2025இல் மறையும்வரை 5,000 முறைக்கும் மேல் அங்கே தோன்றினார். கறுப்பினக் கலைஞர்களுக்கான கதவு இதைவிட மெதுவாகத் திறந்தது: 1969இல் லிண்டா மார்டெல் அங்கு தனித்துப் பாடிய முதல் கறுப்பினப் பெண்மணியானார். கன்ட்ரி இசையின் மிகப் பெரிய நட்சத்திரங்களில் ஒருவரான சார்லி பிரைட் உறுப்பினரானதோ 1993இல்தான்.

1960களின் இறுதியில் ரைமன் கட்டடம் பழுதடைந்திருந்தது. நகருக்கு வெளியே, கம்பர்லேண்ட் நதிக்கரையில் ஏறத்தாழ 4,400 பேர் அமரக்கூடிய புதிய அரங்கம் கட்டப்பட்டு, 1974 மார்ச் 16ஆம் நாள் திறக்கப்பட்டது. பதவி விலகச் சில மாதங்களே இருந்த அதிபர் ரிச்சர்ட் நிக்சன் அவ்விழாவுக்கு வந்து மேடையில் பியானோ வாசித்தார். ரைமன் மேடையிலிருந்து ஆறடி விட்டமுள்ள வட்டமாக மரப்பலகையை அறுத்தெடுத்துப் புதிய மேடையின் நடுவில் பதித்தார்கள். பாடுபவர் நிற்பது அந்த வட்டத்தில்தான். முதன்முறை வரும் இளம் பாடகர்கள் பலர் அதில் கால்வைக்கும்போது குரல் தழுதழுக்கப் பேசுவதை ஒலிபரப்பிலேயே கேட்கலாம். 1980களில் காப்பீட்டு நிறுவனம் கைமாறி, வானொலியும் ஆப்ரியும் வேறு உரிமையாளர்களிடம் சென்றன. ரைமன் அரங்கம் இடிபடாமல் காக்கப்பட்டு 1994இல் புதுப்பொலிவோடு திறக்கப்பட்டது. சில குளிர்காலங்களில் ஆப்ரி அங்கே திரும்பிச் சென்று நடந்திருக்கிறது.

2010 மே மாத வெள்ளத்தில் நதி கரைபுரண்டு, மேடைக்கு மேல் ஏறக்குறைய நான்கு அடி தண்ணீர் நின்றது. அரங்கத்தைச் சீரமைக்க ஐந்து மாதங்களாயின. அதுவரை ரைமன், போர் நினைவு அரங்கம் முதலான பழைய இடங்களுக்கெல்லாம் மாறி மாறிச் சென்று நிகழ்ச்சி தொடர்ந்தது. நீரில் மூழ்கிய மரவட்டமும் மீட்கப்பட்டு மீண்டும் பதிக்கப்பட்டது. 2020இல் பெருந்தொற்று பரவியபோது பல மாதங்கள் ஆயிரக்கணக்கான இருக்கைகளும் காலியாக இருக்க, ஓரிரு கலைஞர்கள் மட்டும் மேடையில் அமர்ந்து பாடினார்கள். கைதட்ட ஆளில்லாத நிலையிலும் ஒலிபரப்பு நிற்கவில்லை. முதல் இரவில் அங்கிள் ஜிம்மி தாம்ப்சன் வாசித்தபோதும் அரங்கில் கூட்டம் இருக்கவில்லை என்பதை எண்ணிப்பார்க்கையில், வானொலியில் கேட்பவரையே முதன்மையாகக் கருதும் இந்த நிகழ்ச்சியின் இயல்பு தெளிவாகிறது.

கேட்டுப்பார்க்க விரும்புகிறவர்களுக்கு வழி எளிது. டபிள்யூ.எஸ்.எம். நிலையம் இணையத்திலும் ஒலிபரப்பாகிறது. சனிக்கிழமை நிகழ்ச்சி நாஷ்வில் நேரப்படி வழக்கமாக இரவு 7 மணிக்குத் தொடங்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் அது ஞாயிறு காலை 5.30 மணி, அமெரிக்கக் குளிர்காலத்தில் 6.30 மணி. தொடக்கத்தில் பாடல்களின் சொற்கள் பிடிபடாமற்போகலாம். அப்போது பிடிலும் பான்ஜோவும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்து முன்வருவதையும், மூத்த தொகுப்பாளர் ஒருவர் புதியவரை அறிமுகப்படுத்தும் தொனியையும், பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே நேரம் பார்த்து நுழையும் விளம்பர வாசிப்பையும் கவனித்துக் கேட்பது நல்லது. மூன்று நான்கு வாரங்களில் குரல்கள் அடையாளம் தெரியத் தொடங்கிவிடும்.